வானம் பார்த்த குஞ்சுகள்

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தத் தைல பாட்டிலைக் கொஞ்சம் மூடி வெச்சுக்கறீங்களா? தலைவலின்னு தெரியுதுங்க, பஸ்ஸு வேற இந்த ஆட்டம் ஆடுது. நெத்தியில போட்டாச்சில்லீங்க, அது போதும். மூடிட்டீங்கன்னா நானும் கொஞ்சம் மூச்சு விட்டுக்குவேன்.

இல்லீங்க, ஆஸ்துமாவெல்லாம் இல்லை. ஓம வாசனைதான். உங்க தைலத்துல ஓம உப்பு இருக்குது. நீங்க மூடியத் திருகறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இருபத்தி ரெண்டு வருசம் அதுலயே கெடந்த மூக்குங்க இது.

ஈரோடு போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கேட்டீங்க, அதனால சொல்றேன். இன்னைக்கு யாருகிட்டயாவது சொல்லோணும் போல இருக்குது. காங்கேயத்துக்கு அந்தப்பக்கம் என்ற அக்கா ஊட்டுக்குப் போய்ட்டு வர்றேன். போன காரியம் முடிஞ்சுது. ஆனா மனசுக்கு ஒப்பலை. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நியாயம் யாரு பக்கம்னு.

என் பேரு லோகநாதன். பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனியில ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஹெட்டா இருந்தவன். போன மாசந்தான் ரிட்டையர் ஆனேன். கம்பெனி பேரு வேண்டாங்க. கோழித் தீவனத்துல கலக்கற வைட்டமின், ஓம எண்ணெய், கிராம்பு எண்ணெய், இதுக்கெல்லாம் சட்டை போட்டு விடறது எங்க வேலை. சிரிக்காதீங்க, சட்டைதான். கண்ணுக்கே தெரியாத சின்னச் சொட்டு, ஒவ்வொரு சொட்டைச் சுத்தியும் ஒரு உறை.

எதுக்குன்னா, தீவனத்தை மாவாவே போட்டா கோழி பாதியச் சிந்தும். அதனால மில்லுல அதை ஆவியில வேக வெச்சு, அழுத்தி, குச்சி குச்சியா எடுப்பாங்க. எண்பத்தஞ்சு டிகிரி சூடு. அந்தச் சூட்டுல வைட்டமின்ல பாதி செத்துப் போயிரும். எண்ணெய் பறந்துரும். போறது போக மிச்சம் நிக்கட்டும்னு மில்லுக்காரங்க ஒண்ணுக்கு ரெண்டாக் கொட்டுவாங்க. நாங்க என்ன சொன்னோம்னா, எங்க சரக்கு உறை போட்ட சரக்கு, சூடு தாங்கும், ஒண்ணுக்கு ஒண்ணே போதும்னு சொன்னோம்.

செய்யறது அழகா இருக்குமுங்க. வேலம்பிசினைத் தண்ணியில கரைச்சு, அதுக்குள்ள எண்ணெயையும் வைட்டமினையும் போட்டுக் கடையறது. ரெண்டு மாடி உசரத்துக்கு ஒரு கோபுரம் இருக்குது, அதுக்குள்ள சூடான காத்து. மேல இருந்து தூவி விட்டா கீழ வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு பொடியாயிரும். மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு துளி எடுத்து நாக்குல வெச்சா, எச்சில்ல உறை கரைஞ்சு, அப்பறந்தான் ஓமம் சுருக்குன்னு வரும். வர்ற பார்ட்டிக்கெல்லாம் நான் அப்பிடித்தான் காட்டுவேன். நாக்க நீட்டிட்டுப் பெரிய பெரிய ஆளெல்லாம் நிப்பாங்க.

நான் அதைச் சோதிக்காம விட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. ஓவன்ல எண்பத்தஞ்சு டிகிரி, பத்து நிமிசம். அளந்து பாத்தா தொண்ணூத்தி நாலு சதவீதம் அப்பிடியே இருந்துச்சு. தொண்ணூத்தி நாலுங்க! அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டவன் நான்.

எனக்குக் கீழ ஜெபான்னு ஒரு பொண்ணு வேலை பாத்துச்சு. மார்த்தாண்டத்துக்காரப் பொண்ணு, இருபத்தாறு வயசு. மூஞ்சியில எப்பவும் ஒரு கேள்வி இருக்கும். ஒரு நாள் காலையில அது தங்கியிருந்த ரூம்ல இருந்து குக்கரைத் தூக்கிட்டு லேபுக்கு வந்துருச்சு. விசிலைக் கழட்டி, அடுப்புல வெச்சு, டீ வடிகட்டியில நம்ம பொடியப் போட்டு அந்த ஆவி மேல புடிச்சுது. ஒரு நிமிசம்தான். லேப் பூரா ஓம வாசனை.

"சார், வாசம் வருது"ன்னுது.

"வரட்டும். நல்ல வாசந்தானே"ன்னேன்.

"வெளிய வருதுன்னா உள்ள இல்லேன்னு அர்த்தம் சார். ஓவன்ல இருக்கது காஞ்ச சூடு. மில்லுல ஆவி. நாக்குல கரையற உறை ஆவியில கரையாதா?"

வைட்டமினையும் அளந்து கொண்டாந்து காட்டுச்சு. பி ஒண்ணு, முப்பத்தொரு சதவீதந்தான் நின்னிருக்குது. இந்த உறைக்கு மேல இன்னொரு உறை கொழுப்புல போட்டாத் தாங்கும்னுது. அதுக்கு வேற மிசினு வேணும், ஆறு மாசம் ஆகும். எங்க எம்.டி. அடுத்த வாரம் சரக்கு அனுப்பறதா மில்லுக்கு வாக்குக் குடுத்துட்டாரு. நான் என்னங்க பண்ணறது?

"குக்கர்ல பண்ணறது சோதனை இல்லம்மா, அதுக்குப் பேரு சமையல்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்கலை.

"நோட்டுல எழுதட்டுமா சார்?"

"வேண்டாம்"னேன்.

அவ்வளவுதான் நடந்துது. சத்தம் போட்டு மெரட்டினேனா? இல்லை. வேண்டாம்னேன், அது எழுதலை. எழுதோணும்னு நெனச்சிருந்தா எழுதியிருக்கலாமில்லீங்க?

மில்லுல முதல் லாட் ஓடின அன்னைக்கு நான் அங்கதான் நின்னேன். ஆவி கிளம்பினதுமே மில்லு வாசல் வரைக்கும் ஓம வாசனை. லாரி டிரைவருங்க மூக்க உறிஞ்சிட்டு, "என்னங்க சார், பலகாரம் சுடறீங்களா"ன்னு கேட்டாங்க. மில்லு ஓனர் என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. ஜெபா சொன்னது அப்ப ஞாபகத்துக்கு வரலையான்னு கேட்டா, வந்துது. வந்து, போயிருச்சு.

இப்ப அக்காளப் பத்திச் சொல்றேன். தெய்வாத்தான்னு பேரு. எனக்குப் பன்னெண்டு வயசு மூப்பு. நான் கோயமுத்தூர் ஹாஸ்டல்ல எம்.எஸ்ஸி படிக்கறப்ப, வாராவாரம் கண்டக்டர்கிட்டச் சொல்லி தூக்குப் போசியில சோறு குடுத்து விடும். மாமா தவறினப்பறம் தனியாக் கெடந்துது. ஆறு வருசத்துக்கு முன்னாடி, அறுபத்தி நாலு வயசுல, நாட்டுக்கோழி வளக்கறேன்னு கெளம்புச்சு. காட்டு ஓரத்துல கூரைக் கொட்டாயாச் சாளை போட்டு, ஆயிரத்தி இருநூறு குஞ்சு எறக்குச்சு. சாளை திறக்கறன்னைக்கு எங்க ஆபீஸ்ல நாலு பேரைக் கூட்டிட்டுப் போனேன். ஜெபாவும் வந்துது. அக்கா அதுக்குத் தலையில பூ வெச்சு விட்டுது. கோழிச் சாளைக்கு யாராவது இத்தனை கூட்டுவாங்களா? அவ்வளவு சந்தோசம் அதுக்கு.

வெள்ளைக்கழிச்சல்னு கோழிக்கு வர்ற கொள்ளை நோய்க்குத் தடுப்பு மருந்து போடோணுமில்லீங்க, ஒவ்வொரு குஞ்சு கண்ணுலயும் ஒரு சொட்டு. கூலி ஆளு வேண்டாம், நானே போட்டுக்கறேன்னு, ஆயிரத்தி இருநூறையும் ஒவ்வொண்ணாக் கையில புடிச்சு அக்காளே ஊத்துச்சு. ரெண்டு நாள் ஆச்சாம்.

அந்த முதல் லாட்டுத் தீவனத்துல முப்பது மூட்டை நாந்தான் எடுத்துக் குடுத்தேன். வெளிய ஒருத்தனுக்கும் போறதுக்கு முன்னாடி என்ற அக்காளுக்குத்தான்னு நானே வண்டி பிடிச்சு அனுப்பினேன். கெட்டது பண்ணோணும்னா செஞ்சேன்?

குஞ்சு எறக்கின பதினெட்டாவது நாள் காலையில போன் வந்துது. "லோகு, குஞ்செல்லாம் வானத்தப் பாக்குது கண்ணு. நீ கொஞ்சம் வாறியா?"

போனேன். சாளைக்கு இருபதடி முன்னாடியே எனக்குப் புரிஞ்சு போச்சுங்க, சத்தம் பாதிதான் வந்துது. ஆயிரத்தி இருநூறு குஞ்சு இருக்கற எடம் எப்பிடி இருக்கோணும்? காது கிழியும். உள்ள போனா, பாதிக்குப் பாதி குஞ்சு வாலு மேல உக்காந்துட்டு, கழுத்து முதுகோட ஒட்டற மாதிரி பின்னால மடங்கி, அலகு நேரா மேல. எல்லாம் கூரையப் பாத்துட்டு இருக்குது. கண்ணு தெறந்துதான் இருக்குது. யாரோ மேல இருந்து கூப்பிட்ட மாதிரி. மீதிப் பாதி அதுகளுக்கு நடுவுல ஒண்ணும் தெரியாம ஓடிட்டு, மேஞ்சிட்டு இருக்குது.

அது என்னன்னு எனக்குத் தெரியும். பி ஒண்ணு இல்லேன்னா நரம்பு அப்பிடி இழுக்கும். எங்க புஸ்தகத்துலயே அதுக்கு நட்சத்திரம் பாக்கறதுன்னு பேரு. படம் பாத்திருக்கேன். ஆனா படத்துல ஒரு குஞ்சுதாங்க இருக்கும்.

அக்கா என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னுது. நான் சொன்னேன், "இது வெள்ளைக்கழிச்சல் அக்கா. இதுலயும் கழுத்து திருகும். சொட்டு மருந்து கண்ணுல சரியா விழல போல."

அக்கா தன்னோட வெரலத் திருப்பித் திருப்பிப் பாத்துது. "என் கைதானா கண்ணு? ஒவ்வொண்ணையும் பாத்துத்தானே ஊத்தினேன்"னுது. அப்பறம், "டாக்டரைக் கூப்பிடலாமா?"ன்னு கேட்டுது. "நான் இதுல இத்தனை வருசமா இருக்கேன், டாக்டர் என்ன சொல்லப் போறாரு"ன்னேன். "இது பரவும். ஊருக்கே பரவும். நல்லா இருக்கறதையும் விடக்கூடாது அக்கா."

சொன்னதுக்கப்பறம் திரும்ப எடுக்க முடியலைங்க. அக்கா அழுவாம ஆளக் கூப்பிட்டுக் குழி வெட்டச் சொல்லிச்சு. சுண்ணாம்பு வாங்கியாரச் சொல்லிச்சு. ஓடிட்டு இருந்த குஞ்சையெல்லாம் தானே தொரத்திப் புடிச்சு முந்தானையில போட்டுக் கொண்டாந்து குடுத்துது. சாயந்தரம் அஞ்சு மணிக்கெல்லாம் முடிஞ்சு போச்சு.

ஏன் அப்பிடிச் சொன்னேன்னு கேக்கறீங்க, உங்க மூஞ்சியில தெரியுது. என் கையெழுத்துங்க அது. கம்பெனியில நாப்பது பேரு. என் பொண்ணுக்கு அந்தத் தையிலதான் கல்யாணம். சொந்த அக்கா பண்ணையிலயே இப்பிடி ஆச்சுன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? அதுலயும் எல்லாத்தையும் என் தலையில கட்ட முடியாதுங்க. அந்தத் தீவனத்துல போட்டிருந்த தவிடு பழசு. ரத்தக் கழிச்சலுக்குன்னு மில்லுல கலந்த ஒரு மருந்து, அதுவும் பி ஒண்ண அமுக்கும். இதெல்லாம் யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க.

ஒரு நல்லதும் நடந்துதுங்க. மறுநாளே, இன்னும் வெளிய போகாம மில்லு குடோன்லயே கெடந்த மிச்ச லாட்டைச் சத்தமில்லாமத் திரும்ப எடுத்துட்டோம். மத்தவங்க பண்ணைக்குப் போகலை. அந்த வகையில என்ற அக்கா எத்தனையோ பேரைக் காப்பாத்திருச்சு. அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊருல ஒரு வருசம் யாரும் அக்கா ஊட்டுப் பக்கம் வரலை. என்னால நோய் வந்துருச்சு, உங்க கோழியப் பத்திரமாப் பாத்துக்குங்கன்னு அதுவே வாசல் வாசலாப் போய்ச் சொல்லியிருக்குது. பார்வை மங்கித்தான் சொட்டு தப்பிருச்சுன்னு அந்த ஆடி மாசமே வலது கண்ணுல ஆப்பரேசன் பண்ணிக்கிட்டுது. நாந்தான் கூட இருந்தேன். கட்டுப் பிரிச்சதும் அது மொதல்ல பாத்தது தன்னோட வெரலத்தான்.

ஜெபா எங்கிட்ட ஒரே ஒரு தடவ கேட்டுச்சு. "சார், அக்கா பண்ணையில என்ன ஆச்சு?" வெள்ளைக்கழிச்சல்னேன். அடுத்த வாரம் வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. கொச்சியில எங்கியோ இருக்குதுன்னு கேள்வி. ரெண்டு வருசம் கழிச்சு எங்க கம்பெனி கொழுப்பு உறை போட்டு ஒரு சரக்கு எறக்குச்சு, இன்னைக்கும் அதுதான் ஓடுது. அதுக்கு எனக்கு ஒரு விருது குடுத்தாங்க. அந்த யோசனை என்னோடது. அதாவது, எங்க லேபோடது.

நான் ஒண்ணும் நிம்மதியா இருந்துறலைங்க. ஆறு வருசமா சேவிங் கடையில நாற்காலியில சாஞ்சு தலைய மேல தூக்கினது கெடையாது. ஊட்டுலயே பண்ணிக்கறேன். பல் டாக்டர்கிட்டப் போனேன், நாற்காலியப் பின்னால சாச்சாரு, எந்திரிச்சு வந்துட்டேன். என் பேத்திக்கு எட்டு மாசம் இருக்கறப்ப மல்லாக்கக் கெடந்து ஃபேனப் பாத்துட்டு இருக்கும், எல்லாக் கொழந்தையும் பாக்கும். நான் போய் மூஞ்சியத் திருப்பி வெப்பேன். அது திரும்பவும் மேல பாக்கும். நான் திரும்பவும் திருப்புவேன். "என்னப்பா பண்றீங்க"ன்னு பொண்ணு கத்துனா. போன தை மாசம் சிவன்மலைத் தேருக்குப் போயிருந்தேன். தேரு அசைஞ்சுது பாருங்க, கூட்டம் மொத்தமும் கழுத்தப் பின்னால சாச்சுட்டு மேல பாத்துது. நல்ல வெயில்ல, அத்தனை மூஞ்சி. சத்தமெல்லாம் எனக்கு அடைச்சுப் போச்சு. கூட்டத்தத் தள்ளிட்டு எப்பிடி வெளிய வந்தேன்னு தெரியலை.

அதான், ரிட்டையர் ஆனதும் முடிவு பண்ணிட்டேன். உண்மையச் சொல்லிரோணும். எத்தனை பேருக்குங்க அந்தத் தைரியம் வரும்? நீங்களே சொல்லுங்க. இன்னைக்குக் காலையில கெளம்பிப் போயிட்டேன்.

அக்கா முன்கட்டு ஆசாரத்துல உக்காந்து முருங்கைக்கீரை உருவிட்டு இருந்துது. முன்னாடி உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். குக்கர், முப்பத்தொண்ணு, கையெழுத்து, வெள்ளைக்கழிச்சல் இல்லைங்கறது, உன் கையில தப்பில்லைங்கறது, எல்லாம். அக்கா கீரைய உருவறத நிறுத்தவே இல்லை. முடிச்சதும் கேட்டுது.

"எல்லாஞ் சொல்லிட்டியா?"

"எல்லாம் சொல்லிட்டேங்க்கா."

"அந்த மார்த்தாண்டத்துப் பொண்ணு அந்த ஐப்பசியிலேயே வந்து சொல்லிட்டுப் போயிருச்சு"ன்னுது.

ஐப்பசியிலேயே! ஜெபா தனியா பஸ் புடிச்சு வந்திருக்குது. வாசல்லயே அக்கா கால்ல விழுந்து, நோட்டுல எழுதாம விட்டுட்டேன்னு அழுதுச்சாம். "அது எதுக்குக் கால்ல விழுவோணும்? சோறு போட்டு அனுப்பி வெச்சேன்"னு அக்கா சொல்லுது.

பாத்தீங்களா? என்ற ஊட்டு விசயத்துல அந்தப் பொண்ணுக்கு என்ன வேலை? சொல்லோணும்னா நான் சொல்ல மாட்டனா?

"அப்ப ஆறு வருசமா உனக்குத் தெரியுமா?"ன்னேன்.

"தெரியும்."

"ஏங்க்கா கேக்கலை?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டனே. நீ பஸ் ஏறறப்ப, வேற ஒண்ணும் இல்லையா கண்ணுன்னு கேப்பனே. ஒண்ணுமில்லக்கான்னு ஏறிப் போயிருவ."

கேக்குங்க, நெசந்தான். தீவாளிக்கு, பொங்கலுக்கு, நோம்பிக்கு, எப்பப் போனாலும் கேக்கும். ஊறுகாய் ஏதும் வேணுமான்னு கேக்குதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன்.

சரி, தெரிஞ்சிருக்குது, பெருசாச் சண்டையும் போடலை, இதோட போச்சுன்னு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துது. அப்பத்தான் அக்கா கீரைத் தட்டத் தள்ளி வெச்சுட்டு என்னை நிமிந்து பாத்துது.

"எல்லாம்னியே. அந்த ஒத்தக் குஞ்சப் பத்திச் சொல்லலையே."

உங்ககிட்டயும் நான் அதைச் சொல்லலைங்க. மறைக்கோணும்னு இல்லை. அதைச் சொல்ல என்ன இருக்குதுன்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு என் பையில அதே பி வைட்டமின் மருந்து ஒரு பாட்டில் இருந்துச்சு. வாய்ப்புண்ணுக்கு நான் குடிக்கறது. குழி வெட்டிட்டு இருக்கறப்ப, மேல பாத்துட்டு இருந்த ஒரு குஞ்சத் தூக்கிட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போனேன். வாயத் தெறந்து மூணு சொட்டு விட்டேன். நெழல்ல வெச்சுட்டு வந்துட்டேன். எனக்கு ஒறுதியாத் தெரிஞ்சுக்கோணும், அவ்வளவுதான். நான் படிச்சவன் இல்லீங்களா.

மூணு மணி நேரம் கழிச்சுப் போய்ப் பாத்தேன். எந்திரிச்சு நின்னுட்டு இருந்துச்சுங்க. கழுத்து நேரா. என்னைப் பாத்ததும் கீச்சுன்னு ஒரு சத்தம். கிட்ட வந்து என் பேண்ட்டு ஓரத்தக் கொத்துச்சு.

அந்தப் பக்கம் ஆளுங்க குழிய மூட ஆரம்பிச்சிருந்தாங்க. இது ஒண்ணு மட்டும் நடந்துட்டு இருந்தா அக்கா கேக்குமில்லீங்களா, இது மட்டும் எப்பிடிடா எந்திரிச்சுதுன்னு? மிச்சத்துக்கும் அதையே குடுத்திருக்கலாமேன்னு கேக்குமில்லீங்களா? நான் அதைத் தூக்கிக் கடைசிச் சாக்குல போட்டுக் கட்டிட்டேன். கையில எடுக்கறப்ப சூடா இருந்துச்சு. அது திமிரவே இல்லை. இப்பத்தான் காப்பாத்துனவன் கையின்னு அதுக்கு நெனப்பு.

அக்கா அந்தப் பக்கம் குழாயில கை கழுவிட்டு இருந்திருக்குது. சொட்டு விடறப்பவே ஒருக்கா பாத்திருக்குது, எந்திரிச்சதைச் சாக்குல போட்டதையும் பாத்திருக்குது. அன்னைக்கு அதுக்கு ஒண்ணும் புரியலை. மருந்து குடுத்தா மூணு மணி நேரத்துல எந்திரிச்சிரும்னு ஜெபா வந்து சொன்னப்பத்தான் புரிஞ்சிருக்குது.

"கம்பெனிக்குன்னு மறைச்ச, புள்ளை கல்யாணத்துக்குன்னு மறைச்ச. அதையெல்லாம் நான் எப்பவோ ஆத்திக்கிட்டேன்"னு சொல்லிச்சு. சத்தமே இல்லாம சொல்லிச்சு. "அது எந்திரிச்சு நின்னு உன்னையப் பாத்துதே லோகு."

ஆயிரத்தி இருநூத்துல ஒண்ணு. ஒண்ணுதானுங்களே.

அப்பறம் அக்கா எந்திரிச்சு உள்ள போச்சு. கீரைய வதக்கி, ரசம் வெச்சு, எல போட்டுச் சோறு போட்டுது. நானும் சாப்பிட்டேன். கொறையொண்ணும் வெக்கலை, ரெண்டாந்தரமும் கேட்டுக் கேட்டுத்தான் போட்டுது. கெளம்பறப்ப எப்பவும் தார் ரோடு வரைக்கும் கூட வரும். இன்னைக்குக் கதவோரத்துலயே நின்னுக்கிச்சு. நான் செருப்பு மாட்டிட்டு, "வர்றேங்க்கா"ன்னேன்.

"பாத்துப் போங்க"ன்னுது.

போங்க. என்னையத் தூக்கி வளத்துன அக்கா. ஐம்பத்தெட்டு வருசத்துல என்னைய ஒரு தடவ வாங்க போங்கன்னு சொன்னதில்லை. பஸ்ஸேறினதுல இருந்து அதையேதான் நெனச்சுட்டு வர்றேன். மரியாதைக்குச் சொல்லியிருக்குமுங்க. எனக்கும் வயசாயிருச்சில்லீங்க, ரிட்டையர் ஆனவன், பேத்தி எடுத்தவன். மரியாதைக்குத்தான் சொல்லியிருக்கும். இல்லீங்களா?